பூனைவணங்கி

போன வருடம் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் படவேட்டில் அத்தை வீட்டில் இருந்தேன். ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகும் வண்டிகள் விடியற்காலையிலிருந்தே தெருவை அடைத்துக்கொண்டிருந்தன. வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் அத்தையின் பூனை செவலை, வயிற்றைத் தரையோடு ஒட்டி, முழங்கையை வெளியே தள்ளி, கழுத்தை நீட்டிக்கொண்டு இருமியது. கக், கக் என்று வறண்ட சத்தம். எதையோ வாந்தி எடுக்கப்போகிறது என்று பார்த்தால் ஒன்றும் வரவில்லை. அரை நிமிஷத்தில் எழுந்து, எதுவுமே நடக்காதது மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

“முடி தொண்டையில மாட்டிக்கிச்சுடா. ஒரு வருசமா இப்டித்தான்” என்றார் அத்தை.

அன்று சாயங்காலம் அது வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெயில் என்று அர்த்தம். பூனை அப்படிச் செய்தால் அபாயம். அத்தை கொல்லைக்குப் போய் ஒரு கைப்பிடி குப்பைமேனி இலையைப் பறித்துக்கொண்டு வந்தார். கசக்கிச் சாறு எடுத்துப் புகட்டுவதாகத் திட்டம்.

“குடுக்காத அத்தே” என்றேன்.

“ஏன்? உங்கப்பன் இன்னிக்கு உயிரோட இருக்கான்னா இந்தச் செடியாலதான். நீ பொறந்து வந்துட்டு எனக்குச் சொல்ற.”

அது உண்மைதான், அவர் அறிந்த அளவில். அப்பாவுக்கு நான்கு ஐந்து வயதில் கடுமையான இழுப்பு. பாட்டி கழனியில் இருப்பார். பத்து வயது மூத்த அக்காதான் தம்பியைப் பார்த்துக்கொண்டது. குப்பைமேனிச் சாறு கொடுப்பார், பையன் கோழையை வாந்தி எடுப்பான், மூச்சு லேசாகும். அப்பாவுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. இந்தச் சாட்சியத்தை வைத்துக்கொண்டிருப்பவரிடம் ‘ஆதாரம் இல்லை’ என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட முடியாது. அந்த வாரம் முழுக்க அந்தச் செடியின் வரலாற்றைத் தேடிப் படித்ததற்கு அதுதான் காரணம்.

*

குப்பைமேனிக்குத் தமிழில் இன்னொரு பெயர் பூனைவணங்கி. சித்த மருத்துவ நூல்களில் மார்ச்சால மோகினி என்றும் வரும். மார்ச்சாலம் என்றால் பூனை. பூனையை மயக்குகிறவள். மலாய், இந்தோனேசிய மொழிகளிலும் இந்தச் செடிக்குப் பூனையை வைத்துப் பெயர் இருக்கிறது.

பெயர் வெறும் கற்பனை இல்லை. செடியை வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை வந்து முகத்தைத் தேய்க்கும், புரளும், எச்சில் ஒழுக வேரைக் கடிக்கும். இலைக்கு அவ்வளவு மவுசு கிடையாது. இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் காட்டுப் பூனைகள் பறவைகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பொறிக்கு இழுக்க ஒரு வாசனைப் பொருளைத் தேடியவர்கள் அங்கே களையாக வளர்ந்த குப்பைமேனியிடம் வந்து சேர்ந்தார்கள். 2016இல் மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வேரிலிருந்து ஐசோடைஹைட்ரோநெபிடாலாக்டோன், ஐசோஇரிடோமிர்மெசின் என்ற இரண்டு பொருட்களைப் பிரித்தெடுத்து, பூனையை இழுப்பவை இவைதான் என்று காட்டினார்கள். மேல்நாட்டில் பூனைகளுக்குக் கொடுக்கும் கேட்நிப் செடியில் இருப்பதற்கு இவை நெருங்கிய உறவு. 2021இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருளை வைத்து, பூனை இப்படிப் புரளும்போது மூளையில் வலியைக் குறைத்து இன்பம் தரும் அமைப்பு வேலை செய்கிறது என்றும், உடம்பில் அதைப் பூசிக்கொண்ட பூனையைக் கொசு குறைவாக மொய்க்கிறது என்றும் கண்டுபிடித்தார்கள்.

ஆக, பெயர் வைத்தவர் சரியாகப் பார்த்திருக்கிறார். தப்பு அடுத்த படியில்தான் வருகிறது. பூனை விரும்புகிறது, ஆகவே பூனைக்கு நல்லது. மனிதனுக்குக் கோழையை எடுக்கிறது, ஆகவே பூனைக்கும் எடுக்கும். இரண்டு ‘ஆகவே’யும் யாரும் சோதிக்காமல் நுழைந்தவை.

மனிதர்களுக்கான பயன்பாட்டுக்கு நல்ல நீளமான ஏட்டு வரலாறு இருக்கிறது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில் இந்தச் செடி குப்பமேனி என்ற நம் பெயரிலேயே இருக்கிறது. லின்னேயஸ் 1753இல் அதற்கு அகாலிஃபா இண்டிகா என்று பெயரிட்டார். சென்னை ராஜதானியில் வேலை பார்த்த டாக்டர் வைட்லா ஐன்ஸ்லி 1826இல் லண்டனில் வெளியிட்ட ‘மெட்டீரியா இண்டிகா’வில் தமிழ் மருத்துவர்கள் இதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று எழுதினார். 1868இல் வந்த ‘ஃபார்மகோபியா ஆஃப் இந்தியா’வுக்குச் சென்னையிலிருந்து ஜார்ஜ் பிடி அனுப்பிய குறிப்பு முக்கியமானது. இலைச்சாறு குழந்தைகளுக்கு நம்பகமான, சீக்கிரம் வேலை செய்கிற வாந்தி மருந்து என்பது அதன் சாரம். 1900இல் பிரிட்டிஷ் மருந்து நூலுக்கு வந்த இந்திய, காலனிய இணைப்பிலும் குப்பைமேனி இடம்பிடித்தது.

பிடியின் குறிப்பைப் படித்தபோது எனக்கு அத்தைதான் ஞாபகம் வந்தார். நூறு வருஷம் கழித்து, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் அதே வைத்தியத்தை அதே அளவில் தம்பிக்குச் செய்திருக்கிறார். சின்னக் குழந்தைக்குக் கோழையைக் காறித் துப்பத் தெரியாது. வாந்தி எடுத்தால் அதோடு கொஞ்சம் வெளியே வரும், கொஞ்ச நேரம் நிம்மதி. ஆனால் அது கோழைக்கு வைத்தியம். மூச்சுக்குழாய் வீங்கி, அதைச் சுற்றியிருக்கும் தசை இறுகுவதுதான் ஆஸ்துமா. வாந்தி அதைத் தொடாது. இன்னொன்று, சிறு வயதில் இழுப்பு வரும் குழந்தைகளில் பலருக்கு வளர வளர அது தானாகக் குறைந்துவிடுகிறது. அப்பாவுக்கும் பன்னிரண்டு வயதுக்கு மேல் வரவில்லை.

*

நம் ஊர்ச் செடிகளுக்கும் ஆஸ்துமாவுக்கும் உள்ள உறவில் மிகப் பெரிய கதை ஊமத்தையுடையது. அதுவும் சென்னையிலிருந்துதான் தொடங்குகிறது.

ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவர். சைதாப்பேட்டையில் சாயப் பூச்சி வளர்ப்பதற்காக நாகதாளித் தோட்டம் போட்டவர். இழுப்புக்கு ஊமத்தையைக் காயவைத்துப் புகைக்கும் உள்ளூர்ப் பழக்கத்தை அவர் கவனித்துத் தன் நோயாளிகளுக்கும் சொன்னார். அவரிடமிருந்து இதைத் தெரிந்துகொண்ட ஜெனரல் ஜென்ட் 1802இல் அதை இங்கிலாந்துக்கு எடுத்துப்போய் டாக்டர் சிம்ஸிடம் கொடுத்தார். சிம்ஸ் அங்கேயே வளர்ந்த வேறொரு ஊமத்தை இனத்தை வைத்துப் பார்த்தார், அதுவும் வேலை செய்தது. 1810களில் எடின்பரோ மருத்துவ இதழில் செய்தி வந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் ஆஸ்துமா சிகரெட் ஐரோப்பா முழுக்க மருந்துக்கடையில் விற்கும் பண்டமாகிவிட்டது. நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் அவற்றைப் புகைத்துத்தான் பல இரவுகளைக் கடந்தார்.

ஊமத்தை ஏன் வேலை செய்தது? அதில் அட்ரோபின் வகை நச்சுகள் இருக்கின்றன. மூச்சுக்குழாய்த் தசையைச் சுருங்கச் சொல்லும் நரம்புச் செய்தியை அவை தடுக்கும். கூடவே வாய் உலரும், கண் பாவை விரியும், அளவு கொஞ்சம் கூடினால் புத்தி பேதலிக்கும், உயிரும் போகும். அதே செடியின் விதையை நம் ஊரில் வழிப்பறிக்காரர்கள் சோற்றில் கலந்து கொடுத்த கதையெல்லாம் உண்டு. ஆகவே வேதியியல்காரர்கள் அந்த மூலக்கூறை மாற்றி, உடம்பெங்கும் பரவாமல் நுரையீரலிலேயே தங்கும்படி செய்தார்கள். 1970களில் இப்ராட்ரோபியம் வந்தது. இன்று அரசு ஆஸ்பத்திரியில் நெபுலைசரில் ஊற்றும் மருந்துகளில் அதுவும் ஒன்று.

ஆடாதொடைக்கும் இப்படி ஒரு வாரிசு உண்டு. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்து 1960களில் ஜெர்மனியில் புரோம்ஹெக்சின் என்ற கோழையிளக்கி மருந்தைச் செய்தார்கள். மருந்துக்கடையில் வாங்கும் இருமல் சிரப் பாட்டிலைத் திருப்பிப் படித்தால் அந்தப் பெயரோ, அதன் வழியில் வந்த அம்ப்ராக்ஸாலோ கண்ணில் படும்.

எல்லாச் செடிக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. நஞ்சறுப்பான் இலையை மெல்லச் சொல்லி 1960களின் இறுதியில் டெல்லியில் சிவ்புரி குழுவினர் ஆஸ்துமா நோயாளிகளிடம் சோதனை செய்தார்கள். முதல் முடிவுகள் உற்சாகமாக இருந்தன. நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது மருந்து, எது போலி என்று தெரியாமல் செய்து 1979இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. கதை அதோடு அடங்கிவிட்டது. நாட்டு மருந்தைத் திறந்த மனதோடு அணுகுவது என்றால் இந்தத் தோல்விகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

*

இதற்கிடையில் அத்தை மகன் ஆரணியிலிருந்து சிறிய பாட்டில் ஒன்றில் வெள்ளைச் சர்க்கரை உருண்டை வாங்கி வந்தான். பிளாட்டா ஓரியன்டாலிஸ். “சைட் எஃபெக்ட் கிடையாது மச்சான், பூனைக்கும் குடுக்கலாம்” என்றான்.

பிளாட்டா என்றால் கரப்பான்பூச்சி. இந்த மருந்தும் இந்தியக் கண்டுபிடிப்புதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தாவின் ஹோமியோபதி மருத்துவர் டி. என். ராய் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆஸ்துமாக்காரர் ஒருவர் வழக்கம்போல் தேநீர் குடித்தார், அன்று மூச்சு அதிசயமாக லேசாயிற்று, பிறகு பாத்திரத்தைப் பார்த்தால் உள்ளே வெந்த கரப்பான்பூச்சி கிடந்தது என்பதுதான் இதன் பிறப்புக் கதை. குப்பைமேனியும் அதே கல்கத்தா வழியாக, டாக்டர் டோன்னர் என்பவரால், ஹோமியோபதிக்குள் போனது. அங்கே அது ரத்தம் கக்கும் இருமலுக்கான மருந்து. தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1847இல் தஞ்சாவூரில் சாமுவேல் புரூக்கிங் என்ற ஓய்வுபெற்ற ஆங்கில மருத்துவர் ஹோமியோபதி மருத்துவமனை தொடங்கினார் என்று இந்திய ஹோமியோபதி வரலாறுகள் பெருமையோடு சொல்கின்றன. கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் கட்சி மாறுவதற்கு இருபது வருடம் முந்தைய சம்பவம் அது.

அந்தக் காலத்தில் ஹோமியோபதி பரவியதற்கு நியாயமான காரணம் உண்டு. 1840களின் ஆங்கில வைத்தியம் என்பது ரத்தத்தை வடிப்பது, பாதரசம் கொடுப்பது. அதோடு ஒப்பிட்டால் சர்க்கரை உருண்டை யாரையும் கொல்லாது. ஒன்றும் செய்யாமல் இருப்பதே அன்றைக்குப் பெரிய வைத்தியம்.

ஆனால் கணக்கு கணக்குதான். 30சி என்று பாட்டிலில் போட்டிருந்தது. ஒன்றை நூறில் கரைப்பது. அதை மறுபடி நூறில் ஒன்றாகக் கரைப்பது. இப்படி 30 முறை. ஒன்றுக்குப் பின்னால் 60 சைபர். ஒரு மோல் பொருளில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையோ 6க்குப் பின்னால் 23 சைபர். 12ஆவது கரைசலைத் தாண்டும்போதே கரப்பான்பூச்சி காணாமல் போய்விடுகிறது. 2004இல் கோக்ரேன் அமைப்பு நாள்பட்ட ஆஸ்துமாவில் ஹோமியோபதி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நம்பிப் பயன்படுத்தப் போதுமான சான்று இல்லை என்றது. 2015இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வுக் குழு, எந்த நோய்க்குமே நம்பகமான சான்று இல்லை என்று முடிவு சொன்னது.

“பூனைக்கு நம்பிக்கை எல்லாம் கிடையாதே, அதுக்குக் குடுத்தே கேக்குதாமே?” என்றான் அத்தை மகன். நல்ல கேள்வி. பதில் வளர்ப்பவரிடம் இருக்கிறது. நொண்டும் நாய்களை வைத்து 2012இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. போலி மருந்து கொடுக்கப்பட்ட நாய்களின் காலடி அழுத்தத்தைக் கருவியில் அளந்தால் மாற்றமே இல்லை. ஆனால் வளர்த்தவர்களும் மருத்துவர்களும் பல நாய்கள் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். போலி மருந்து நாய் மேல் அல்ல, நம் கண் மேல் வேலை செய்தது. பூனை ஆஸ்துமா வந்து வந்து போகிற நோய். மோசமான நாளில் மருந்து கொடுக்கிறோம், மறுநாள் எப்படியும் கொஞ்சம் தேறும். என் வேலையில் இதைத் தினம் பார்க்கிறேன். விட்டு விட்டு வருகிற பிழையைச் சரிசெய்துவிட்டோம் என்று நம்புவதைப்போல் சுலபமானது எதுவுமில்லை.

*

பூனைக்கு ஆஸ்துமா வரும் என்பது மருத்துவத்துக்குப் புதுச் செய்தி இல்லை. 1906இலேயே பூனை நோய்கள் பற்றிய ஆங்கில நூல் ஒன்றில் ஹில் என்ற கால்நடை மருத்துவர் அதை விவரித்திருக்கிறார். நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பூனைகளுக்கு வரலாம் என்பது இன்றைய பொது மதிப்பீடு. நமக்கு வருவது மாதிரியேதான்: ஏதோ ஒரு தூசியோ புகையோ ஒவ்வாமையைத் தூண்ட, மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குகிறது. பெரும்பாலானோர் முடியுருண்டை என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். முடியுருண்டை என்றால் கடைசியில் முடி வெளியே வர வேண்டும். வராத இருமலைச் சந்தேகப்பட வேண்டும்.

ஒரே நோய் என்பதால் ஒரே கை வைத்தியம் என்று போனால்தான் ஆபத்து. பூனையின் ஈரல் நம்முடையது மாதிரி இல்லை. பீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியே தள்ளும் நொதிகளில் ஒன்றுக்கான மரபணு பூனைக் குடும்பத்தில் செயலிழந்து கிடக்கிறது. இறைச்சி மட்டுமே தின்று வந்த இனத்துக்குத் தாவர நச்சை முறிக்கும் அவசியம் இல்லாமல் போனது. அதனால்தான் ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லும். நாம் சளிக்கு நெஞ்சில் தேய்க்கும் கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் அதற்கு விஷம். கற்பூரவல்லி, பூனைக்கு ஆகாத செடிகளின் பட்டியலில் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பூனையின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனேற்றத்துக்கு இலக்காகும் இடங்கள் நம்மைவிட நான்கு மடங்கு அதிகம்.

குப்பைமேனிக்கு வருவோம். 1990களில் இலங்கை மருத்துவர்கள் ஓர் ஆபத்தைப் பதிவு செய்தார்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள மனிதர்கள் இந்தக் கீரை போட்ட கஞ்சியைக் குடித்ததும் சிவப்பணுக்கள் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சிலருக்கு மட்டும் மனித உடம்பிலேயே இப்படிச் செய்யும் செடியை, அதைவிடப் பலவீனமான ரத்தம் உள்ள பிராணிக்கு, அதுவும் மூச்சுத் திணறும்போது வாந்தி மருந்தாகக் கொடுப்பதைவிடப் பெரிய சூதாட்டம் இல்லை. திணறலில் எடுக்கும் வாந்தி நுரையீரலுக்குள்ளேயே போகலாம்.

*

மறுநாள் காலையில் செவலையைக் கூடையில் வைத்து வேலூருக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் மூச்சுக்குழாய்ச் சுவர்கள் தடித்துத் தெரிந்தன. முதலில் ஊசி, பிறகு இரண்டு வாரம் ஸ்டீராய்டு மாத்திரை, கூடவே இன்ஹேலர். 2000ஐ ஒட்டி ஃபிலிப் பாட்ரிட் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பரப்பிய முறை இது. கைக்குழந்தைகளுக்கு வைக்கும் முகமூடியும் குழாயும் இருந்தால் போதும். பூனை ஏழிலிருந்து பத்து மூச்சு இழுக்கும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே போகும் ஸ்டீராய்டு முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால்தான் அதுவரை மாத்திரை.

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார்: வீட்டில் புகை கூடாது. கொசுவத்தி, சாம்பிராணி, விறகடுப்பு, ஊதுபத்தி. அத்தைக்கு ஸ்டீராய்டைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாத வீடு வீடா? ஒரு சமரசத்துக்கு வந்தார். சாம்பிராணி இப்போது வாசல் திண்ணையில், கதவைச் சாத்திவிட்டு. இயற்கை வைத்தியம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் இதைச் சொல்வேன். செலவே இல்லை, பக்க விளைவும் இல்லை.

ஜமதக்னி முனிவர் யாகம் செய்த இடத்து மண்ணிலிருந்து எடுத்தது என்று சொல்லி ரேணுகாம்பாள் கோயிலில் தரும் திருநீற்றை, அத்தை தினமும் செவலையின் நெற்றியில் துளி வைப்பார். அதை நான் தடுக்கவில்லை. மூக்குக்குக் கிட்டே வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது, முகமூடியைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். எட்டு, ஒன்பது, பத்து. முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

“அப்ப நான் உங்கப்பனுக்குக் குடுத்தது எல்லாம் வீணாடா?”

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் படித்தது இதற்குத்தான்.

“வீண் இல்ல அத்தே. கோழை வெளிய வந்துச்சு, கொஞ்சம் மூச்சு வுட முடிஞ்சுது. சென்னையில பெரிய டாக்டரு நூறு வருசத்துக்கு முன்னாடியே அதை எழுதி வச்சிருக்காரு. ஆனா ராத்திரி பூரா அவரை மடியில நிமித்தி உக்கார வச்சிக்கினு இருந்தேன்னு சொன்ன பாரு, அதுதான் பெருசு. படுக்க வச்சிருந்தா இன்னும் மோசமாயிருக்கும். இன்னிக்கும் டாக்டருங்க அதைத்தான் மொதல்ல சொல்வாங்க.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கொல்லையில் களை பிடுங்கப் போனார். குப்பைமேனிச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக் கிணற்றடியில் போட்டார். செவலை ஓடிவந்து அதன் மேல் விழுந்து புரண்டது. “இதுக்காவது குடுக்கலாம் இல்ல?” என்று கேட்டார். மோந்து புரள்வதில் தப்பில்லை, கடித்துத் தின்னாமல் பார்த்துக்கொள் என்றேன்.